நண்பராக இருந்த நிருபர் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்க இசைக் கலைஞர் பிரின்ஸைப் பற்றியும், அவரோடு 31 ஆண்டுகள் விட்டும் தொட்டும் பழகிய பத்திரிகையாளர் நீல் கார்லனைப் பற்றியும் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று மினியாபொலிஸ் நகரத்துக் கலைஞர் ஒருவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், பத்திரிகையாளர் எவரும் கலைஞருடன் நட்புக் கொள்ளவே கூடாது, கொண்டவர் என்றாவது ஒருநாள் அந்த நட்பைக் காசாக்கியே தீருவார் என்று கட்டுரையை முடித்திருக்கும் விதம் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. கோத்தகிரியில் நீண்ட காலம் பகுதிநேர நிருபராக இருந்தவன் நான். மேடையில் பெரும்பெயர் பெற்று, பிறகு எவர் கண்ணிலும் படாமல் இந்த மலையில் வந்து தங்கிவிட்ட ஒரு வயலின் வித்வானுடன், அவர் கண்மூடும் வரை பழகும் பேறு எனக்கு வாய்த்தது. அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்: அப்படிப்பட்ட கலைஞரைப் பற்றி, அவரோடு பழகிய பத்திரிகையாளர்தான் எழுத வேண்டும். எப்போது எழுதினார், தாம் யார் என்பதை வாசகரிடம் சொல்லிவிட்டு எழுதினாரா, கேட்டதைச் சரிபார்த்தாரா என்பவற்றை வைத்தே அவரை எடைபோட வேண்டும்.

அதற்கு முன், கட்டுரையில் உள்ள ஒரு பெரிய குறையைச் சுட்டிக்காட்ட வேண்டும். 1993-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி, தம் 35-ஆவது பிறந்தநாளன்று, பிரின்ஸ் தம் பெயரை வாயால் உச்சரிக்க இயலாத ஒரு குறியீடாக மாற்றிக்கொண்டதை, புகழ் தலைக்கேறியவரின் கிறுக்கு என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தம் இசைத்தொகுப்புகளை வெளியிட்டுவந்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் பிரின்ஸுக்கு அப்போது கடுமையான ஒப்பந்தத் தகராறு இருந்தது. ஆண்டுக்கு எத்தனை இசைத்தொகுப்புகளை வெளியிடலாம், ஒலிப்பதிவுகளின் மூலநாடாக்கள் யாருக்குச் சொந்தம் என்பவையே அந்தத் தகராறின் சாரம். தம் பெயரே நிறுவனத்தின் சரக்காகிவிட்டது என்று கருதிய அவர், கன்னத்தில் ‘அடிமை’ என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். அந்தக் குறியீட்டை அச்சிடுவதற்கான எழுத்துருவை ஃபிளாப்பி வட்டில் பதிந்து பத்திரிகை அலுவலகங்களுக்கு அனுப்பவேண்டிய நிலை நிறுவனத்துக்கே ஏற்பட்டது. பழைய ஒப்பந்தம் காலாவதியான பின், 2000-ஆம் ஆண்டில், அவர் பிரின்ஸ் என்ற பெயருக்கே திரும்பினார். 2014-இல் அதே நிறுவனத்துடன் புதிய உடன்பாடு செய்துகொண்டு தம் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமையை மீட்டார். இருபதாண்டுக் காலப் பிடிவாதம் ஒன்றைக் கிறுக்கு என்று கடந்துபோவது, எட்ட நின்று எழுதுவதால் வரும் கேடு. கட்டுரையாளர் பரிந்துரைக்கும் தூரமே அவருடைய கட்டுரையை இந்த இடத்தில் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரின்ஸ் மர்மமானவர் என்று சொல்லும்போது, அந்த மர்மம் எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 1978-இல், தம் 19-ஆம் வயதில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பிலேயே 27 இசைக்கருவிகளைத் தாமே வாசித்ததாக உறையில் அச்சிட்டுக்கொண்டவர் அவர். அந்த இளமை போதாதென்று, 1958-இல் பிறந்தவரை 1960-இல் பிறந்தவராகத் தொடக்ககால விளம்பரங்கள் அறிவித்தன. தந்தை ஜான் நெல்சன் ஜாஸ் பியானோ கலைஞர். தாய் மேட்டி ஷா பாடகி. இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள். ஆனால் பிரின்ஸ் தம் ஆரம்பப் பேட்டிகளில் பெற்றோரைக் கலப்பினத்தவராகவே சித்திரித்தார். 1984-இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவியது போலவே வந்த ‘பர்ப்பிள் ரெயின்’ திரைப்படத்தில் நாயகனின் தாயாக ஒரு கிரேக்க நடிகை நடித்ததால், ரசிகர்கள் அதையும் உண்மை என்றே நம்பினார்கள். பேட்டிக்கு வருபவர்கள் ஒலிப்பதிவுக் கருவி கொண்டுவரக் கூடாது, குறிப்பும் எடுக்கக் கூடாது என்று பிற்காலத்தில் நிபந்தனை வைத்தார். கேட்டதையெல்லாம் மனத்தில் சுமந்துகொண்டு வெளியே ஓடி, காருக்குள் அமர்ந்து எழுதிவைத்த நிருபர்கள் பலர். கேள்வி கேட்பவரைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இப்படிப்பட்டவரை ஒரு மணி நேரப் பேட்டியில் அறிந்துவிடலாம் என்பது நடக்காத காரியம்.

கார்லன் வேறு வழியில் போனார். அவரும் அதே மினியாபொலிஸில் வளர்ந்தவர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எவருக்கும் பேட்டி தராமல் இருந்த பிரின்ஸ், 1985-இல் ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசை இதழுக்காக அவரிடம்தான் வாய் திறந்தார். அந்தக் கட்டுரை மேடை வெளிச்சத்தில் தொடங்கவில்லை. அன்று ஜான் நெல்சனுக்கு 69 வயது நிறைகிறது, பிறந்தநாளுக்கு அவர் விரும்புவதெல்லாம் தம் மகனோடு சற்று நேரம் பூல் மேசையில் பந்தாடுவதுதான் என்ற செய்தியில் தொடங்குகிறது. உலகம் முழுவதும் ஓராண்டாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரத்தை, தகப்பனார் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு மகனாக முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார் கார்லன். திரைப்படத்தில் கண்ட கொடூரத் தகப்பனை மனத்தில் வைத்துக்கொண்டு படித்த வாசகருக்கு அந்த ஒரு வரியே எவ்வளவு சொல்லியிருக்கும்! நான் அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அப்படிப்பட்ட தகவலைக் கேள்வி கேட்டுப் பெற முடியாது. கூட இருந்தால்தான் கிடைக்கும். 1990-இல் அதே இதழுக்காக அவர் மீண்டும் எழுதினார். அதன் பிறகு, நள்ளிரவு கடந்தபின் வரும் தொலைபேசி அழைப்புகளே அந்த நட்பின் பெரும்பகுதி என்று கார்லன் கூறுகிறார். பிரின்ஸைப் பற்றிய அவருடைய நூல் 2020-இல், பிரின்ஸ் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. இதைத்தான் தங்கள் கட்டுரையாளர் விற்பனை என்கிறார்.

நட்பில்லாத பேட்டி என்ன செய்யும் என்பதற்கு, அதே பிரின்ஸின் வாழ்க்கையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1996 அக்டோபரில் அவருக்கும் மனைவி மைட்டே கார்சியாவுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஃபைஃபர் நோய்க்குறி என்ற அரிய பிறவிக் குறைபாட்டினால் அந்தக் குழந்தை ஒரே வாரத்தில் இறந்துபோயிற்று. அடுத்த மாதம் ஓப்ரா வின்ஃப்ரியின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதில் பிரின்ஸ் தம் வீடும் ஒலிப்பதிவுக் கூடமுமான பெய்ஸ்லி பார்க் வளாகத்தில் குழந்தைக்காக அமைத்த விளையாட்டறையைச் சுற்றிக் காட்டினார். குழந்தையைப் பற்றிப் பரவும் செய்திகள் குறித்து ஓப்ரா கேட்டபோது, எல்லாம் நலமே, காதில் விழுவதைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற பொருள்பட விடையளித்தார். அந்தக் காட்சியை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. கேட்டவர் மீது குற்றமில்லை. கேட்பது அவர் வேலை. பொய் சொன்னார் என்று பிரின்ஸை ஏசவும் எனக்கு மனம் வராது. மகனைப் பறிகொடுத்த சூடு ஆறாதவர், கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் கேமராவின் முன் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அந்த விடையை மட்டும் ஆவணமாகக் கொண்டு பிற்காலத்தில் ஒருவர் அவருடைய வரலாற்றை எழுதினால், அது முழுப் பொய்யாகவே முடியும். பல ஆண்டுகள் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதினால்தான் அந்த விடைக்குப் பின்னால் இருந்த மனிதர் நமக்குத் தெரிவார்.

இனி நான் அறிந்த வித்வானைப் பற்றி. அவர் பெயரை எழுதப்போவதில்லை. கடிதப் பகுதியில் அவர் பெயர் வருவதை அவர் குடும்பத்தார் விரும்ப மாட்டார்கள். கோத்தகிரியிலிருந்து கொடநாடு செல்லும் சாலையில் ஒரு சிறிய ஓட்டு வீட்டில் அவர் குடியிருந்தார். புகழின் உச்சியில் இருந்தபோது, டிசம்பர் சீசன் ஒன்று முடிந்த கையோடு மேடையை விட்டவர். சபாக்காரர்களோடு சண்டை என்றார்கள், தலைக்கனம் என்றார்கள், குடி என்றும் சிலர் கிசுகிசுத்தார்கள். நான் முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனது செய்திக்காகத்தான். காட்டெருமை ஒன்று இரவில் தோட்டத்துக்குள் புகுந்து வேலியை முறித்துப் போட்டிருந்தது. காட்டெருமையைப் பற்றி விரிவாகப் பேசினார்; இசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதன் பிறகு, செய்திக் கவரைக் கோவைப் பேருந்தில் கொடுத்தனுப்பிவிட்டு வீடு திரும்பும் வழியில் அவரைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. உருளைக்கிழங்கு என்ன விலைக்குப் போயிற்று, உறைபனியில் எந்தப் பக்கத்துத் தேயிலை கருகியது, மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்ததா என்பவையே எங்கள் பேச்சு. வயலின் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நான் அதைக் கேட்டதில்லை, அவரும் எடுத்ததில்லை.

சில ஆண்டுகள் கழித்து, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் ஐப்பசி மாலையில், அவராகவே அந்தப் பெட்டியை வெளியே இழுத்துத் திறந்தார். மலையின் ஈரத்தில், தந்திகளை முறுக்கும் பிரடைகள் இறுகிப்போயிருந்தன. தந்திகளில் துரு ஏறியிருந்தது. மின்சாரச் சுருதிப் பெட்டியை முடுக்கி, அதை முதலில் வலக்காதருகே பிடித்தார், பிறகு இடக்காதருகே. மீண்டும் வலம், மீண்டும் இடம். அதன் பிறகு பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, தமக்கு இரண்டு காதிலும் ஒரே ஷட்ஜம் (ஆதார சுரமான ‘ச’) கேட்பதில்லை, இடக்காதில் அது சற்றே ஏறி ஒலிக்கிறது என்றார். வயலினை இடப்பக்கத் தோளில் சார்த்தி வாசிப்பவருக்கு இதன் பொருள் என்னவென்று இசை தெரிந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாம் வாசிப்பது சுருதி சேர்ந்திருக்கிறதா என்று தமக்கே நிச்சயமில்லாமல் இரண்டு சீசன்கள் வாசித்தாராம். பக்கவாத்தியக்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே கச்சேரியை ஓட்டினாராம். மூன்றாவது சீசனுக்கு மனம் துணியவில்லை. “நான் இருக்கிற வரைக்கும் எழுதிடாதீங்க, தம்பி” என்றார்.

அன்றிரவே நான் தொலைபேசியில் சொல்லியிருந்தால், மறுநாள் அது முதல் பக்கத்தில் வந்திருக்கும். வரிக்கணக்கில் சன்மானம் பெறும் ஒரு தாலுகா நிருபருக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடைக்காது. நான் எழுதவில்லை. எழுதாமலிருந்தது சரி என்றே இன்றும் கருதுகிறேன், ஏனென்றால் அவர் அதைச் சொன்னது தம் நண்பனிடம். அவருடைய காதில் என்ன கோளாறு என்பதைத் தெரிந்துகொள்ள ஊருக்கு எந்த அவசரமும் இல்லை. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். ‘எழுதாதீர்கள்’ என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ‘நான் இருக்கிற வரைக்கும்’ என்றார். தமக்குப் பிறகு உண்மை வெளிவர வேண்டும், அதைச் சரியாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற விருப்பம் அதில் இருந்தது. அவர் காலமானபோது ஒரு நாளிதழ் பழைய சபாச் சண்டைக் கதையையே மீண்டும் அச்சிட்டது. அதன் பிறகே நான் அவர் மகளைச் சந்தித்தேன். கோவையில் அவரைப் பரிசோதித்த காது மருத்துவரின் அறிக்கையைப் பார்த்தேன். மகளின் சம்மதத்தோடு எழுதினேன். கட்டுரையின் தொடக்கத்திலேயே நான் அவருடைய நண்பன் என்று குறிப்பிட்டேன். தகப்பனாரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று இனி யாரும் சொல்ல முடியாது என்று அந்த அம்மையார் எனக்கு எழுதிய கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன். இதுவும் விற்பனைதானா என்று தங்கள் கட்டுரையாளரைக் கேட்க விரும்புகிறேன்.

நண்பர் எழுதுவதில் ஆபத்தே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. கார்லனின் நூலையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஒலிப்பதிவும் குறிப்பும் இல்லாத உரையாடல்கள் நினைவை மட்டுமே நம்பி நிற்பவை. அவற்றுக்கு மறுப்புச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இன்று இல்லை. மேலும், தம் பிறந்த ஆண்டு முதல் பெற்றோரின் இனம் வரை பலவற்றை மாற்றி மாற்றிச் சொன்ன ஒருவர், நள்ளிரவில் ஒரு நண்பரிடம் சொன்னார் என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. நண்பர் என்பவர் பத்திரிகையாளராகவும் இருந்தால், மற்ற எவரையும்விட அவர்தான் அதைப் பள்ளிப் பதிவேட்டிலும், உறவினரிடமும், உடன் வாசித்தவர்களிடமும் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். ‘என்னிடம் மட்டும் மனம் திறந்தார்’ என்ற பெருமிதம் அந்தக் கடமையை மறக்கடித்துவிடும். பிரின்ஸிடம் நெருங்கியிருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் அவர் வேறொரு முகத்தைக் காட்டியிருக்கக்கூடும். தாம் கண்டது ஒரு முகம்தான் என்பதை ஒப்புக்கொண்டு எழுதுபவரை நான் நம்புவேன். முழு மனிதரும் தமக்கே சொந்தம் என்பது போல எழுதுபவரை நம்ப மாட்டேன்.

நட்பின் பெயரால் காக்கப்படும் மௌனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2016 ஏப்ரல் 14 அன்று அட்லாண்டாவில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில், பிரின்ஸ் நினைவிழந்ததால் அவருடைய விமானம் இல்லினாய் மாநிலத்தின் மொலின் நகரில் அவசரமாகத் தரையிறங்கியது. காய்ச்சல் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது. ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 21 அன்று, பெய்ஸ்லி பார்க்கில் உள்ள மின்தூக்கியில் அவர் இறந்து கிடந்தார். வயது 57. ஃபென்டனில் என்ற மிக வலிமையான வலிநீக்கி மருந்து உடலில் அளவுக்கு மீறிச் சேர்ந்ததே காரணம் என்று பரிசோதனை கூறியது. வேறு மருந்தின் பெயரில் தயாரிக்கப்பட்ட போலி மாத்திரைகளில் அது கலந்திருந்ததாக 2018-இல் விசாரணை முடிவு வந்தது. எவர் மீதும் குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை. மதுவும் போதையும் தொடாதவர் என்று பெயர் பெற்றிருந்தவர், பல ஆண்டுகளாக உடல் வலியோடு போராடியதை உலகம் அவர் இறந்த பிறகுதான் அறிந்தது. ஒருவருடைய குடும்பத் துக்கத்தையும் காதுக் கோளாறையும் நண்பர்கள் மறைக்கலாம், மறைக்கவும் வேண்டும். உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தபின் மறைப்பதை நான் நட்பு என்று ஏற்க மாட்டேன். அதைப் பத்திரிகையில் போட வேண்டும் என்று சொல்லவில்லை. மருத்துவரிடமும் குடும்பத்திடமும் சொல்லியாக வேண்டும், அந்த மனிதர் நம்மோடு பேசுவதையே நிறுத்திவிட்டாலும் சரி.

இறந்த பிறகு வெளிவருபவை எல்லாம் இழுக்கானவை அல்ல என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பிரின்ஸ் 2001 முதல் யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயக் குழுவைச் சேர்ந்தவர்; செய்த தருமத்தை விளம்பரப்படுத்துவதை அவர் விரும்பவில்லை. வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகள் அமைக்கவும், ஏழைச் சிறுவர்கள் கணினி நிரல் கற்கவும் அவர் ஓசையின்றிப் பணம் கொடுத்து வந்ததை, அவருடைய நண்பர் வான் ஜோன்ஸ் அவர் மறைந்த பிறகே வெளியிட்டார். நண்பர்கள் வாயே திறக்கக் கூடாது என்று விதி செய்தால், இதுவும் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

நம் நாட்டு நிலைமையையும் எண்ணிப் பார்க்கிறேன். புல்லாங்குழல் மாலி என்று நாம் அறிந்த திருவிடைமருதூர் டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) ஏழு வயதில் மயிலாப்பூரில் கச்சேரி செய்தவர். குழலில் விரல் வைக்கும் முறையையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை, அதாவது சுரங்களின் அசைவுகளை, மூங்கிலுக்குள் கொண்டுவந்தவர். அந்த வழி அவருடைய சீடர் என். ரமணி மூலம் இன்றுவரை தொடர்கிறது. ஆனால் இசைக்கு வெளியே மாலியைப் பற்றி இன்றும் பேச்சுவழக்கில் புழங்குபவை எவை? கச்சேரிக்கு வராமல் இருந்தது, வந்தவர் நடுவில் எழுந்து போனது, குடித்தது. இந்தக் கதைகளைச் சொல்லாத ரசிகர் இல்லை. மேடை என்ற சொல்லே அந்த மனிதருக்கு ஏன் பாரமாயிற்று என்பதைப் பொறுமையாக உடனிருந்து, அவர் தரப்பையும் கேட்டு எழுதிய எழுத்துக்காக நான் ஏங்குகிறேன். நம் பத்திரிகைகள் இசைக் கலைஞரைத் தெய்வமாக்கும், அல்லது பைத்தியக்காரராக்கும். நடுவில் இருக்கும் மனிதரிடம் போக நிருபருக்கு நேரமும் தருவதில்லை, இடமும் தருவதில்லை.

எங்கள் நீலகிரியிலேயே இதற்கு வேறொரு முகம் உண்டு. கோத்தர்கள் என்ற பழங்குடியினர் இந்த மலையின் இசைவாணர்கள். ஏழு ஊர்களில் வாழ்கிறார்கள். இம்மலையின் மற்ற சமூகத்தாரான படகர், தோடர் வீட்டுச் சாவுகளுக்கு வாசிப்பது முற்காலத்தில் அவர்களுடைய கடமையாக இருந்தது. இன்று தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் ஊருக்கும் வாசிக்கிறார்கள். குழலும் பறைகளும் வளைந்த கொம்பும் சேர்ந்து ஒலிக்கும்போது ஆண்கள் வட்டமாக ஆடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களுடைய தெய்வங்களான ஐயனோர் அம்மனோர் திருவிழாவில் நிருபர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், ‘கோத்தர் பாரம்பரிய நடனம்’ என்று தலைப்பிட்டு வெளியிடுகிறார்கள். குழல் வாசித்தவர் யார், எத்தனை வயதில் தொடங்கினார், யாரிடம் கற்றார் என்று ஒரு வரியும் இருக்காது. நான் அறிந்த ஒரு முதியவர், நிருபர்களைக் கண்டாலே குழலைத் துணியில் சுற்றி வைத்துவிடுவார். பேசத் தெரியாதவர் என்றே அவரைப் பற்றிச் சொன்னார்கள். செய்தி எதுவும் கேட்காமல் பல ஆண்டுகள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான், தெய்வத்துக்குரிய மெட்டுகளை வெளியாருக்காக வாசிப்பதில்லை, கேமராவின் முன் வாசிக்கச் சொன்னவர்கள் அதைத்தான் கேட்டார்கள், அதனால்தான் சுற்றி வைத்தேன் என்று சொன்னார். அவர் மறைத்ததில் மர்மம் ஏதுமில்லை; ஒழுங்கு இருந்தது. ஒருநாள் வந்து போகிறவருக்கு அது பிடிவாதமாகத்தான் தெரியும்.

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்கள். பிரின்ஸின் பெயர் மாற்றத்துக்கான உண்மைக் காரணத்தை அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு குறிப்பாகவேனும் வெளியிட வேண்டும். அவருடைய இசையைக் கேட்டிராத இளைஞர்கள் அந்த ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பார்கள். கலைஞர்களைப் பற்றிய நீண்ட கட்டுரைகளின் கீழ், எழுதியவருக்கும் கலைஞருக்கும் என்ன உறவு, எத்தனை காலப் பழக்கம், எவற்றை நேரில் கண்டார், எவற்றைக் கேட்டு எழுதினார் என்பதை இரண்டு வரியில் தெரிவிக்கும் வழக்கத்தைத் தாங்கள் தொடங்கலாம். வாசகர் அதைப் படித்துவிட்டு எவ்வளவு நம்புவது என்று தாமே முடிவு செய்துகொள்வார்; நட்பையே தடைசெய்ய வேண்டிய தேவை வராது. மேலும், கோத்தர் திருவிழா மார்கழி, தை மாதங்களை ஒட்டி வருகிறது. தங்கள் நிருபர் ஒருவரை இப்போதே அனுப்பினால், விழாக் கூட்டத்தின் நெரிசல் இல்லாமல், எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டுக்கொண்டு, வாசிப்பவர்களின் சம்மதத்தோடும் அவர்களுடைய பெயர்களோடும் எழுத அவருக்கு அவகாசம் இருக்கும். வழி தெரியாவிட்டால், கோத்தகிரியில் அவரை அழைத்துச் செல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற பகுதிநேர நிருபர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்